நாற்பத்தெட்டு நாள் குடிக்காதவர்: குடிநோய் பற்றி ஓர் எளிய விளக்கம்

என் சித்தப்பா கார்த்திகை முதல் தேதி மாலை போடுவார். அன்றிலிருந்து 48 நாள் விடிகாலைக் குளியல், வெறுங்கால், இரண்டு வேளை பஜனை. சரக்கு வாசனைகூட அவர் மேல் இருக்காது. மலைக்குப் போய் வந்து குருசாமி கையால் மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் கடை வாசலில் நிற்பார். பதினோரு வருடம் இது பிசகாமல் நடந்தது.

இதை வைத்து எங்கள் வீட்டில் இரண்டு தீர்ப்புகள் இருந்தன. சித்தி சொல்வார்: "சாமிக்குப் பயந்து நிறுத்தத் தெரியுதுல்ல? அப்ப எனக்காகவும் புள்ளைங்களுக்காகவும் நிறுத்த மாட்டேங்கறது திமிருதானே?" சித்தப்பா சொல்வார்: "குடிகாரன்னா 48 நாள் தொடாம இருப்பானா? நான் நெனச்சா குடிப்பேன், நெனச்சா விடுவேன்."

சான்று ஒன்றுதான், முடிவுகள் எதிரெதிர். இரண்டும் தவறு என்று எனக்குப் புரிய நெடுநாள் ஆயிற்று. அவர் திமிர் பிடித்தவரும் இல்லை, நினைத்தால் விடக்கூடியவரும் இல்லை. அந்த 48 நாளில் என்ன நடந்தது, 49-ஆம் நாள் ஏன் அப்படி விடிந்தது என்று விளங்கிவிட்டால் இந்த நோயில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

சொல்லை முதலில் சரிசெய்துகொள்வோம். 'அடிமை' என்பதை நாம் சீரியலுக்கும் சொல்கிறோம், செல்போனுக்கும் சொல்கிறோம், பிரியாணிக்கும் சொல்கிறோம். மருத்துவர்கள் குடியைப் பற்றிப் பேசும்போது 'சார்புநிலை' என்பார்கள். மீண்டு வந்தவர்கள் தங்களுக்குள் 'குடிநோய்' என்பார்கள். இந்தக் கட்டுரையில் குடிநோய் என்றே வைத்துக்கொள்கிறேன். குடிப்பதை நிறுத்தவும் அளவோடு வைக்கவும் வேண்டிய திறனை உடலும் மூளையும் இழந்துவிட்ட நிலை அது.

ஒரு குவார்ட்டரில் எத்தனை?

எவரைக் கேட்டாலும் முதலில் அளவுதான் சொல்வார். "ஒரு குவார்ட்டர்தாங்க, அதுக்கு மேல போக மாட்டேன்." அந்த 'ஒன்று' எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மருத்துவர்கள் மதுவை 'அலகு' கணக்கில் அளக்கிறார்கள். ஓர் அலகு என்பது 10 கிராம் சுத்தமான ஆல்கஹால். பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் நம்மூர் பாட்டிலில் 42.8% என்று அச்சிட்டிருக்கும். அதன்படி 30 மில்லியில் ஓர் அலகு. குவார்ட்டர் 180 மில்லி. ஆகவே ஆறு அலகு. 'சும்மா ஒரு கட்டிங்' மூன்று அலகு. "பீர்தான், அதெல்லாம் சரக்கே இல்ல" என்கிறாரே, அந்த 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8% வரை ஆல்கஹால் இருக்கும். கிட்டத்தட்ட நான்கு அலகு. கட்டிங்கைவிட அதிகம்.

கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகைத்தான் கரைக்கும். எலுமிச்சம்பழம், மோர், தலைக்குத் தண்ணீர், கட்டங்காபி எதுவும் அதை முடுக்காது. இரவு பத்து மணிக்குக் குவார்ட்டரை முடித்தவர் உடம்பிலிருந்து அது இறங்க விடிகாலை நான்கு மணியாவது ஆகும். காலை முதல் டிரிப்புக்கு வண்டியெடுக்கும் ஓட்டுநர்கள் இந்த ஒரு கணக்கையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அளவு கூடக் கூடக் கல்லீரலுக்கும் இதயத்துக்கும் கேடு கூடும், சந்தேகமில்லை. ஆனால் அளவு மட்டும் குடிநோயைக் காட்டிக்கொடுக்காது. கல்யாணத்துக்குக் கல்யாணம் மூன்று குவார்ட்டர் அடித்துவிட்டு இடையில் நினைப்பே இல்லாமல் இருப்பவர் உண்டு. தினம் ஒரு குவார்ட்டரோடு நிற்கிறவர் முழுக்க நோய்க்குள் இருப்பதும் உண்டு.

மூன்று கேள்விகள், அப்புறம் நான்கு

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. மூன்றில் இரண்டு இருந்து, அது ஓராண்டு அளவுக்கு நீடித்தால் குடிநோய். தினசரிக் குடியென்றால் சில மாதங்களே போதும்.

முதலாவது, கைமீறிப் போவது. ஒரு கட்டிங்கோடு எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்தவர் கடை மூடும்போது எழுகிறார். எப்போது தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்ற இரண்டும் அவர் கையில் இல்லை.

இரண்டாவது, குடி முன்னுக்கு வந்து மற்றவை பின்னால் போவது. இது ஒரே நாளில் நடக்காது. முதலில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் போகும், பிறகு சீட்டுப் பணம், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், மாமனார் வீட்டு விசேஷம். டாக்டர் மஞ்சள் காமாலை என்று சொன்ன பிறகும் தொடர்வார். வெளியே இருப்பவர் கண்ணுக்கு இது பொறுப்பின்மை. உள்ளே நடப்பது, மூளையின் முன்னுரிமைப் பட்டியலே மாற்றி எழுதப்படுவது.

மூன்றாவது, உடம்பு பழகிப்போவது. முன்பு கட்டிங்கில் கிடைத்தது இப்போது குவார்ட்டரில்தான் கிடைக்கிறது. இதைத் 'தாங்குதிறன்' என்பார்கள். குடிக்காத காலையில் கை நடுங்குகிறது. இது 'விலகல் அறிகுறி'. "எவ்ளோ அடிச்சாலும் அண்ணன் ஸ்டெடி" என்று நாம் பெருமையாகச் சொல்வோமே, அது பாராட்டு அல்ல, நோயறிகுறி. அண்ணனின் மூளை மதுவுக்கு ஈடுகொடுக்கத் தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது என்றுதான் பொருள்.

வீட்டிலேயே கேட்டுப் பார்க்க இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. ஜான் யூயிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1984-இல் வெளியிட்ட நான்கு கேள்விகள். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? மற்றவர்கள் உங்கள் குடியைக் குறைசொல்லும்போது எரிச்சல் வந்திருக்கிறதா? குடித்ததை நினைத்துக் குற்றவுணர்ச்சி வந்திருக்கிறதா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீர, தலை தெளிய என்று குடித்திருக்கிறீர்களா? இரண்டுக்கு 'ஆம்' என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். என் அனுபவத்தில் நான்காவது கேள்விக்கு 'ஆம்' வந்தால் மற்ற மூன்றையும் கேட்கத் தேவையிருக்காது.

டாஸ்மாக் திறப்பது நண்பகல் 12 மணிக்கு. காலை ஏழு மணிக்கே நடுங்கும் கைக்கு 12 மணி என்பது வெகுதூரம். அதனால் முதல் நாள் இரவே கொஞ்சம் மிச்சம் பிடித்து வைப்பார்கள். சித்தப்பா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செங்கல் சந்தில் வைப்பார். எத்தனை போதையிலும் அந்த மிச்சத்தை மட்டும் மறக்கமாட்டார். வீட்டுச் சாவியை மறந்த இரவுகள் உண்டு.

இதுவரை சொன்னதன் சாரம்: எவ்வளவு குடிக்கிறார் என்பதைவிட, குடி அவரிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். கட்டுப்பாடு, முன்னுரிமை, உடல் பழக்கம் ஆகிய மூன்றில் இரண்டு போயிருந்தால் அது நோய்.

கயிறு இழுக்கும் போட்டி

இனி உடம்புக்குள் போகலாம். பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் சம பலம் என்றால் கயிறு அசையாது. ஆனால் இரு பக்கமும் நரம்பு புடைக்க இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

மூளையிலும் இரண்டு அணிகள் உண்டு. ஒன்று அடக்கும் அணி. அதன் முக்கிய வேதிப்பொருள் 'காபா'. இன்னொன்று முடுக்கும் அணி, அதற்கு 'குளுட்டமேட்'. தூக்கம், அமைதி, தளர்ச்சி முதல் அணியின் வேலை. விழிப்பு, பதற்றம், துடிப்பு இரண்டாவதின் வேலை. மது வந்து அடக்கும் அணியோடு சேர்ந்து இழுக்கிறது. அதனால்தான் முதல் கட்டிங்கில் தோள் தளர்கிறது, நாக்கு அவிழ்கிறது.

தினமும் இப்படி ஒரு பக்கம் ஆள் கூடினால் மூளை சும்மா இருக்குமா? முடுக்கும் அணிக்கு அதுவும் ஆள் சேர்க்கும். அடக்கும் அணியின் பலத்தைக் குறைக்கும். மாதக்கணக்கில் இது நடந்தபின் கயிறு மறுபடி நடுவுக்கு வந்துவிடும். அவ்வளவு மதுவோடும் அவர் 'ஸ்டெடி'யாக நடப்பார். தாங்குதிறன் என்பது இதுதான்.

இப்போது மது அணி ஒரே நொடியில் கயிற்றை விட்டால்? எதிரணி மல்லாக்க விழும். மதுவைத் திடீரென நிறுத்தும்போது மூளைக்கு நேர்வது அதுவே. முடுக்கும் அணி முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கிறது, எதிரே பிடிக்க ஆளில்லை.

கடைசிக் குடிக்குப் பின் ஆறேழு மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். பலருக்கு இது இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். இன்னும் சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனம் குழம்பும். நாள், கிழமை தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், இல்லாத ஆட்களோடு பேசுவார், காய்ச்சல் ஏறும், இதயம் தாறுமாறாக அடிக்கும். 'மதுவிலகல் பித்து' என்று இதைச் சொல்லலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம்.

அருள் வந்த இரவு

சித்தப்பாவின் பன்னிரண்டாவது மாலை அப்படித்தான் ஆயிற்று. முந்தைய வருடங்களில் நிறுத்தியபோது ஒரு நாள் இரண்டு நாள் தூக்கம் கெட்டதோடு சரி. அந்த வருடம் அவர் காலையிலேயே குடிக்கத் தொடங்கியிருந்தார், எங்களுக்குத் தெரியாது. மாலை போட்ட மறுநாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் இரவு பஜனையில் உடல் உதற, கண் செருக, யாரோ முன்னால் நிற்பதுபோல் பேசத் தொடங்கினார். அருள் வந்திருக்கிறது என்று விபூதி பூசினார்கள். ஒருவர் குறிகூடக் கேட்டார். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு நர்ஸ் அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "இது அருள் இல்ல, வண்டியக் கூப்பிடுங்க" என்று சொன்னதால் பிழைத்தார்.

ஆகவே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெடுநாள் தினமும் குடிப்பவர், அதிலும் காலையில் குடிப்பவர், முன்பு வலிப்பு வந்தவர், வீட்டில் அறைக்குள் பூட்டிக்கொண்டு திடீரென நிறுத்தக் கூடாது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கில் கடைகள் மூடியபோது இதன் விளைவை நாடே பார்த்தது. கேரளத்தில் விலகல் அறிகுறிகளாலும் தற்கொலைகளாலும் கலங்கிய அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று ஆணை போட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. எதிர்த்ததில் நியாயம் இருந்தது. விலகலுக்கு மருந்து மது அல்ல. அதைவிடப் பாதுகாப்பான மாத்திரைகள் இருக்கின்றன.

மருத்துவமனையில் செய்வதைக் கயிற்றுக் கணக்கிலேயே சொல்லலாம். டயசிபாம் போன்ற மாத்திரைகளைக் கொடுத்து அடக்கும் அணிக்குத் தற்காலிக ஆள் சேர்க்கிறார்கள். பிறகு நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, இரு அணிகளும் சேர்ந்தாற்போல் தளரும்படி கயிற்றை இறக்குகிறார்கள். கூடவே வைட்டமின் பி1 ஊசி. நெடுநாள் குடித்தவர் உடலில் அது வற்றியிருக்கும். கவனிக்காமல் விட்டால் நினைவாற்றல் திரும்பாமலே போகக்கூடும். எல்லாம் சேர்த்து ஒரு வாரம், பத்து நாள். அந்த மாத்திரைகளும் பழக்கமாகக்கூடியவை. கடையில் வாங்கித் தாமே போட்டுக்கொள்வதற்கானவை அல்ல.

ஏரிக்கு நினைவிருக்கும்

பத்து நாளில் உடம்பின் மதுப் பழக்கம் போய்விடுகிறது. நடுக்கம் இல்லை, பசிக்கிறது, தூக்கம் வருகிறது. குடும்பம் 'குணமாகிவிட்டது' என்று அழைத்துப் போகிறது. மூன்றாம் வாரம் மறுபடி குடிக்கிறார். "லட்ச ரூபா செலவழிச்சோம், நன்றியில்லாதவன்." ஊரில் அதிகம் கேட்கும் கதை இது. அந்தப் பத்து நாள் வாசற்படி மட்டும்தான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

உடம்பு மறந்தாலும் மூளை மறக்காத பகுதி ஒன்று இருக்கிறது. 'டோபமின்' என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். அது சரியான பெயர் அல்ல. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் ஒன்றைக் கண்டார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் டோபமின் செல்கள் துடித்தன. பழச்சாற்றுக்கு முன் ஒரு சைகை வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், துடிப்பு சாற்றை விட்டுச் சைகைக்கு இடம் மாறிவிட்டது. அதாவது டோபமின் 'சுகம்' என்று சொல்வதில்லை, 'இதோ வரப்போகிறது, போ' என்று சொல்கிறது. அனுபவிப்பதற்கும் ஏங்குவதற்கும் மூளையில் பாதைகள் வேறு வேறு. பல குடிநோயாளிகள் "குடிச்சா நல்லாவே இல்லீங்க, ஆனாலும் கால் போவுது" என்பார்கள். பொய் சொல்கிறார் என்று நாம் நினைப்போம். அவர் நரம்பியலைத் துல்லியமாகச் சொல்கிறார்.

அவருக்கான சைகைகள் எவை? சம்பள நாள், சனிக்கிழமை சாயங்காலம், வறுத்த மீன் வாசனை, பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றிலிருந்து ஒன்று பிரியும் சத்தம், கல்யாண மண்டபத்து மொட்டை மாடி, சாவு வீட்டுப் பறை, மச்சானின் போன். நமக்கு இவை சாதாரணம். அவர் மூளைக்கு ஒவ்வொன்றும் மணியோசை.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஏரியைத் தூர்த்து மனை போட்டு, வீடு கட்டி, தெருவுக்குப் பெயரும் வைத்தோம். 2015 டிசம்பரில் மழை வந்து பழைய ஏரியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தது. வறண்ட பத்து வருடம் அங்கே ஏரியே இல்லை என்று நம்பியிருந்தோம். குடிநோயும் அப்படித்தான். ஐந்து வருடம் நிறுத்தியவர் "ஒரு கட்டிங்தானே" என்று தொட்டால் ஐந்து வருடத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அளவோடு குடிக்கும் நிலைக்குத் திரும்புவது நோய் முற்றிய பெரும்பாலோருக்கு வாய்ப்பதில்லை. முழு விலகலை மருத்துவர்கள் வலியுறுத்துவது ஒழுக்கத்துக்காக இல்லை, இந்தத் தடத்துக்காக.

சுருக்கினால், நோய்க்கு இரண்டு அடுக்கு. மேலடுக்கு உடலின் பழக்கம். நாட்களில் தீரும், ஆனால் ஆபத்தானது. கீழடுக்கு மூளையில் பதிந்த தடம். உயிரை உடனே பறிக்காது, ஆனால் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

மாலை என்னதான் செய்கிறது?

தடம் அவ்வளவு ஆழமென்றால் சித்தப்பாவால் எப்படி 48 நாள் முடிந்தது? இந்தக் கேள்விதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது.

மாலை போட்டவரின் நாளைப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணி, அதாவது கடைக்குப் போகும் நேரம், இப்போது குளியலுக்கும் பஜனைக்கும் உரியது. கருப்பு வேட்டி, துளசி மாலை; தெருவில் யாரும் "வர்றியா?" என்று கேட்க மாட்டார்கள். குடிக் கூட்டாளிகள் தாமாக விலகுகிறார்கள். வேறொரு கூட்டம் கிடைக்கிறது. அதில் அனுபவசாலியான குருசாமி இருக்கிறார், புதிதாக வந்த கன்னிசாமி இருக்கிறார். எல்லாவற்றையும்விட, பத்து மாதம் "குடிகாரன்" என்று கூப்பிட்ட அதே வாய்கள் "சாமி" என்கின்றன. சைகைகள், நேரம், ஆட்கள், மரியாதை நான்கும் ஒரே நாளில் மாறிவிடுகின்றன. வெறும் மனவுறுதி செய்த வேலை இல்லை இது.

சூழல் மாறினால் தடம் உறங்கும் என்பதற்குப் பெரிய சான்று வியட்நாம் போரிலிருந்து வந்தது. அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். 1971-இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தபோது, அங்கே அடிமையாயிருந்தவர்களில் முதலாண்டில் மறுபடி அடிமையானவர்கள் 5% அளவே. காடு, போர், மலிவான ஹெராயின் எல்லாம் பின்னால் போய்விட்டன. நம் குடிநோயாளியோ பத்து நாள் சிகிச்சை முடிந்து அதே தெருவுக்கு, அதே கடை வழியாக, அதே மச்சான்களிடம் திரும்புகிறார்.

மாலையில் ஒரே ஓட்டை, அதற்கு முடிவுத் தேதி இருப்பது. சித்தப்பா குடிப்பதை நிறுத்தவில்லை, தள்ளிப்போட்டார். 49-ஆம் நாள் சைகைகளும் நேரமும் ஆட்களும் திரும்பி வந்தார்கள், "சாமி" போய்விட்டது.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., இந்த ஓட்டையை வேறு விதமாக அடைத்தது. இருவருமே குடிநோயாளிகள். அங்கே 48 நாள், ஒரு வருடம் என்று முன்கூட்டிச் சபதம் கிடையாது. 'இன்று மட்டும் குடிக்க மாட்டேன்'. நாளைக்கு நாளை பார்க்கலாம். கட்டணமில்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை, மீண்டவர் புதியவருக்கு வழித்துணை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. முதன்முறை போய் உட்கார்ந்தபோது எனக்குப் பஜனை மடம்தான் நினைவுக்கு வந்தது. ஏ.ஏ. எல்லோருக்கும் ஒத்துவராது, கடவுள் பேச்சு சிலருக்கு உறுத்தும். அவர்களுக்கு மனநல ஆலோசகரோடு தனியாக உட்கார்ந்து, தன் சைகைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் மாற்று யோசிக்கும் வழி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்வதில் தடையில்லை.

சோற்றில் கலக்கும் மருந்து

பஸ் ஸ்டாண்டு சுவரில் பார்த்திருப்பீர்கள்: 'அவருக்குத் தெரியாமலே குடியை மறக்க வைக்கலாம்.' சித்தி ஒருமுறை இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பொடி வாங்கினார். அதில் என்ன இருந்ததென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்படி ரகசியமாகக் கொடுக்கப்படும் உண்மையான மருந்து ஒன்று உண்டு, டைசல்ஃபிராம். 1940-களில் கோபன்ஹேகனில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இருவர் அதைக் குடற்புழு மருந்தாகத் தங்கள் மேலேயே சோதித்துப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோது உடம்பு படாத பாடு பட்டதில் இதன் குணம் வெளிப்பட்டது. கல்லீரல் மதுவை முதலில் ஒரு நச்சுப்பொருளாக மாற்றி, அப்புறம் அந்த நஞ்சை முறிக்கும். இந்த மருந்து இரண்டாவது வேலையைத் தடுத்துவிடும். நஞ்சு தேங்கி முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரைகூட இது நடக்கலாம்.

தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் போடுபவருக்கு இது நல்ல காவல். "இன்னிக்கு மாத்திரை போட்டாச்சு, இனி குடிக்க முடியாது" என்று மனம் அடங்கும். தெரியாமல் சாம்பாரில் கலந்தால், வழக்கம்போல் குவார்ட்டரைக் குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார். இதய நோய் உள்ளவர் செத்தே போகலாம். ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உள்ளன. எது யாருக்கு என்பதைக் கல்லீரலின் நிலையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரை, கஞ்சா

போதைப்பொருள்களுக்கும் கீழடுக்குக் கதை ஒன்றுதான், மேலடுக்கு மாறும். ஹெராயின், ஊசியில் ஏற்றும் வலி மாத்திரைகள் ஆகியவற்றை நிறுத்தினால் உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, கண்ணீர், மூக்கொழுகல் என்று நரகமாக இருக்கும். ஆனால் மதுவிலகல் அளவுக்கு உயிராபத்து அரிது. உண்மையான ஆபத்து பிறகுதான். சில வாரம் நிறுத்தியவரின் தாங்குதிறன் இறங்கியிருக்கும். பழைய அளவையே மறுபடி ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். மீட்பு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்த முதல் வாரங்களில் சாவு அதிகம் நேர்வது இதனால்தான். கஞ்சாவை நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, உயிராபத்து இல்லை. ஆனால் பதின்ம வயதில் தொடங்குபவர்களில் சிலருக்கு மனச்சிதைவு கிளம்பும். 'மூலிகைதானே' என்பது வெறும் சமாதானம்.

எங்கே போவது?

2019-இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு, டெல்லி எய்ம்ஸ் நடத்தியது, இந்தியாவில் 5.7 கோடிப் பேர் குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் நிலையில் இருப்பதாகச் சொன்னது. குடிநோயாளிகளில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேருக்கும் மந்திரித்த கயிறு, சத்தியம், பொடி, அடி.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு நேராகப் போகலாம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, பெங்களூரு நிமான்ஸ் ஆகியவற்றில் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய மையம், சென்னை இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனையாக இயங்குகிறது. குடும்பத்துக்கும் சேர்த்துப் பாடம் எடுப்பது அதன் வழக்கம். போனில் பேச வேண்டுமென்றால் 14416 டெலிமானஸ் மனநல உதவி எண். 14446 போதை மீட்புக்கான தேசிய எண். இரண்டும் கட்டணமில்லாதவை.

தனியார் மறுவாழ்வு மையங்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. ராத்திரி வேனில் வந்து கட்டித் தூக்கிப் போகிறவர்களை நம்பாதீர்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடி, போதையால் வரும் மனநோயையும் உள்ளடக்கியது. எந்த நோயாளியையும் சங்கிலியால் பிணைப்பதை அது தடைசெய்கிறது. சேர்ப்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். பதிவுச் சான்று எங்கே? மருத்துவர் எந்தெந்த நாள் வருவார்? நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம்? மூன்றாவதுக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டிலிருப்பவர்கள்

பாட்டிலை உடைப்பது, பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்குவது, "காய்ச்சல்ங்க, இன்னிக்கு வரமாட்டார்" என்று அவர் கம்பெனிக்கு நாமே போன் போடுவது. எல்லாமே அன்பில் செய்வது. முதலாவது பயனில்லாதது, இரண்டாவது பிள்ளையைத் தண்டிப்பது. மூன்றாவதுதான் நெடுங்காலக் கேடு. குடியின் விலையை அவர் பார்க்கவிடாமல் நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். பேசுவதானால் காலையில், தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். "நீ குடிகாரன்" என்று தொடங்காமல் "நேத்து ஸ்கூல் மீட்டிங்குக்கு வரல, பையன் வாசல்லயே நின்னான்" என்று நடந்ததைச் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு ஒரு நாள் குறித்து வைத்துக்கொண்டு பேசினால் இன்னும் நல்லது. மனம் இளகும் நேரம் சில மணிகள்தான் இருக்கும். அடி, உதை இருந்தால் பேச்செல்லாம் பிறகு. முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 181 பெண்களுக்கான உதவி எண்.

சறுக்கல் வரும். மீண்டவர்களில் பலரும் ஒருமுறையாவது சறுக்கியவர்களே. சர்க்கரை நோயாளிக்கு அளவு ஏறினால் டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். "இவ்வளவு மருந்து சாப்பிட்டும் ஏமாத்திட்டான்" என்று சொல்வதில்லை. சறுக்கிய மறுநாளே மருத்துவரிடம் போனால் அது ஒரு நாள் குடியோடு நிற்கும். அவமானத்தில் ஒளிந்தால் பழைய குடியாகிவிடும்.

சித்தப்பா அருள் வந்த இரவுக்குப் பிறகு இரண்டு முறை சறுக்கினார். இப்போது ஆறு வருடம் ஆகிறது. மாலை போடுவதை விடவில்லை. கழற்றும் நாளன்று மட்டும் மத்தியானமே ஏ.ஏ. நண்பர் ஒருவர், லாரி ஷெட்டில் வேலை பார்ப்பவர், வீட்டுக்கு வந்துவிடுவார். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து லாரி டயரிலிருந்து வெங்காய விலை வரை பேசுவார்கள். சித்தி இரண்டு முறை டீ போடுவார். கடை மூடும் பத்து மணி ஆனதும் நண்பர் எழுந்து, "சரி சாமி, வரட்டுமா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.